ஆடி இரண்டாம் தேதி

புனேயில் வாடகைக்குக் குடியிருப்பவர்களின் ஆயுளை வருஷக் கணக்கில் சொல்லக் கூடாது; பதினோரு மாதக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். அக்ரிமெண்ட் போடுவது பதினோரு மாதத்துக்கு. அது முடிந்தால் வாடகையைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் டெம்போவைக் கூப்பிடச் சொல்வார்கள். வேதநாயகி கல்யாணமாகிச் சங்கரன்கோவிலிலிருந்து இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் பதினான்கு வீடு பார்த்தாயிற்று.

காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரர்களுக்குக் காரணமா கிடைக்காது? ஒருவருக்கு மகன் கல்யாணம். ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து மகள் திரும்பி வருகிறாள். அந்த மகள் இன்றுவரை வரவில்லை, அவளுக்காகக் காலி செய்த வீட்டில் மறுவாரமே வேறு ஆள் குடிவந்தது. மூன்றாவது வீட்டுக்கார அம்மாளுக்குக் கருவாட்டுக் குழம்பு வாசம் ஆகவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே பல்லவி, சுவரில் ஆணி அடிக்காதே. வேதநாயகியின் கல்யாணப் படம் சட்டம் போட்ட நாளிலிருந்து கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொன்னவன் புனேயில் வீடு தேடியிருக்க மாட்டான். தேடியிருந்தால் கல்யாணத்தை அதோடு சேர்த்தே சொல்லியிருக்க மாட்டான்.

அவள் புருஷன் கோவிந்தராஜ் ஹடப்சரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அதிகம் பேசாத ஆள். வேதநாயகி ஒரு பல் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் வைஷு கல்லூரியில் இரண்டாம் வருஷம். மே மாதக் கடைசியில் பதினான்காவது வீட்டுக்காரர் வந்து, செப்டம்பர் முப்பதுக்குள் காலி செய்து தாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனபோது, வேதநாயகி அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

"இனிமே வாடகை வீட்டுக்கு நான் வரமாட்டேன். நீங்க வேணா போங்க," என்றாள்.

அவளுடைய நல்ல காலம் என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் பல்செட் கட்ட வந்தவர் கானடே காகா. எழுபத்தெட்டு வயது. கட்கியில் சர்க்கார் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நான்கு வருஷம். மகன் மஸ்கட்டில், மகள் நாக்பூரில். பல்செட் இங்கே குத்துகிறது, அங்கே தூக்குகிறது என்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து நிற்பார். டாக்டருக்கு அவரைக் கண்டாலே தலைவலி. வேதநாயகிக்கு அவரைப் பிடிக்கும். அவளை 'வேதாதாயீ' என்று கூப்பிடுவார். பாதி இந்தி, பாதி மராத்தி. காகா என்றால் அங்கே சித்தப்பா, தாயீ என்றால் அக்கா.

"வீடு தேடுறீங்களாமே வேதாதாயீ. என் வீட்டைக் கேக்க வேண்டியதுதானே?" என்றார் ஒருநாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் இரண்டு படுக்கையறை. அதை விற்றுவிட்டுச் சாத்தாராவில் தங்கையோடு போய் இருக்கப் போகிறாராம். புரோக்கர் யாரும் உள்ளே வரக் கூடாது, நாற்பத்தாறு லட்சம் போதும் என்றார். வெளியே அதே மாதிரி வீடு அறுபதுக்குக் குறைந்து கிடையாது.

"காகா, நீங்க ஏமாறுதீங்க," என்று அவளே சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"இன்னும் பதினஞ்சு லட்சம் வாங்கி நான் என்ன செய்ய? தங்கத்துலயா பல்லு கட்டப் போறேன்? வர்றவங்க அந்த வீட்டுல குடியிருக்கணும். வாங்கிப் போட்டு வாடகைக்கு விடுறவன் எனக்கு வேண்டாம்," என்றார்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று கோவிந்தராஜ் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார். வேதநாயகி சமையலறையில் ஓட்டாவின் மேல், அடுப்பு வைக்கும் கல்மேடையின் மேல், கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. கானடே காகா கூடத்துச் சுவரைக் காட்டி, "இதுல எத்தனை ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கோங்க," என்றார். இதை அவர் எதேச்சையாகத்தான் சொன்னார். வேதநாயகிக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு லட்சத்துக்குக் காசோலை, ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி, இரண்டு கையெழுத்து, ஒரு தேங்காய். அவ்வளவுதான் அட்வான்ஸ். சட்டப்படி கணக்கில் வருவது ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதியும் அக்ரிமெண்ட். அது பதிந்தால்தான் வங்கி பணம் தரும். கோவிந்தராஜுக்கு நாற்பத்தாறு வயது. கம்பெனியில் ஐம்பத்தெட்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கடன் இல்லை என்று வங்கி சொல்லிவிட்டது. முப்பது லட்சம், மாதம் முப்பத்து மூவாயிரம். மீதிக்கு அவருடைய வருங்கால வைப்பு நிதி, இவளுடைய நகை. சம்பளத்தில் பாதி அப்படியே போகும். போகட்டும், வாடகையாகப் போனதெல்லாம் திரும்பியா வந்தது?

பெண் பேரில் பதிந்தால் முத்திரைக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைவு. அதனால் வீடு வேதநாயகி பேரில் என்று முடிவாயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஊரில் அவள் பேரில் ஒரு காஸ் சிலிண்டர்கூட இருந்ததில்லை. வங்கி விண்ணப்பத்தில் 'சொத்தின் உரிமையாளர்' என்ற கட்டத்தில் தன் பேரை எழுதும்போது ஓர் எழுத்து பிசகி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாள் கேட்டு வாங்கினாள்.

வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்க்கிறேன் பேர்வழி என்று மூன்று வாரம் இழுத்தடித்தார். ஜூலை பதினைந்தாம் தேதிதான் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. அன்றைக்கே கானடே காகா ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் தேதி வாங்கிவிட்டார். பதினெட்டு, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை. கோவிந்தராஜ் கம்பெனிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வரும்போது அரைக்கிலோ பேடா வாங்கி வந்தார். அவராக இனிப்பு வாங்கி வந்து அவள் பார்த்ததில்லை.

வேதநாயகி பேடாவை ஓரமாக வைத்துவிட்டுக் காலண்டரை எடுத்தாள். ஊரிலிருந்து வருஷா வருஷம் தபாலில் வரும் தினசரிக் காலண்டர். இரண்டு தாளைப் புரட்டினாள்.

"ஏங்க, வியாழக்கிழமை ஆடி பொறக்குது."

"பொறந்துட்டுப் போகுது."

"பதினெட்டாந்தேதி ஆடி ரெண்டு. ஆடியில கிரயம் பண்ணுவாவளா யாரும்?"

"குடியா போறோம்? கையெழுத்துதானே போடப்போறோம்," என்றார் கோவிந்தராஜ்.

"மொத மொதல்ல நம்ம பேருக்கு ஒரு வீடு வருது. அதை ஆடியிலயா எழுதணும்? ஒரு மாசந்தானே. ஆவணி நாலு, புதன்கிழமை, நல்ல முகூர்த்தம். அன்னைக்கு வச்சுக்கிடுவோம்."

கோவிந்தராஜ் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எதை நினைத்துச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். லோணியில் இருந்த எட்டாவது வீடு. பதினான்கு வீட்டில் அந்த ஒன்றுக்குத்தான் ஆடியில் குடிபோனார்கள், வேறு வழியில்லாமல். போன பன்னிரண்டாம் நாள் ஐந்து மாதக் கரு கலைந்தது. வைஷுவுக்குத் தம்பியாகவோ தங்கையாகவோ வந்திருக்க வேண்டியது. ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டர். டாக்டருக்கு ஆடி ஏது, ஆவணி ஏது என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவரும் திறந்ததில்லை.

மறுநாள் அவளே போய்க் கானடே காகாவிடம் சொன்னாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"அடுத்த வாரம் எங்களுக்கு சிராவணம் பொறக்குது. அதைவிட நல்ல மாசம் எது இருக்கு? உங்களுக்கு மட்டும் எப்படிக் கெட்ட மாசம்?"

"கெட்ட மாசம் இல்ல காகா. எங்க ஊர்ல அது சாமிக்குள்ள மாசம். மனுசங்க காரியம் எதுவும் தொடங்க மாட்டோம்," என்றாள். லோணி வீட்டை அவரிடம் சொல்லவில்லை.

காகா வாயைத் திறந்து புதுப் பல்லைக் காட்டினார். "டாக்டர் இதுக்கு ஒரு வருஷம் கேரண்டி குடுத்திருக்கார். அதுவரைக்கும் நான் இருந்துதானே ஆகணும்? உங்க வீடு, உங்க நாள். தேதியை மாத்திடுறேன்."

அந்த ஒரு மாதம் வேதநாயகி வீட்டுக்காரியாக இருந்தாள். உள்ளதைச் சொன்னால், அவள் வீட்டுக்காரியாக இருந்தது அந்த ஒரு மாதம்தான். ஆஸ்பத்திரி விட்டதும் மூன்றாவது தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். ஜன்னல் அளவெடுத்து வந்து திரைத்துணி பார்த்தாள். வைஷு, "அம்மா, எனக்கு அலக் கமரா வேணும், பஸ், தட்ஸ் இட்," என்றாள். தனி அறை என்ற வார்த்தை அந்தப் பெண்ணுக்குத் தமிழில் வரவில்லை. அப்படி ஒன்று வீட்டில் இருந்திருந்தால்தானே வார்த்தை வரும்?

ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. ஆடி பிறந்து இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. காலை பதினொரு மணிக்குக் கானடே காகாவுக்கு ஆஸ்பத்திரியில் நேரம் கொடுத்திருந்தது. பதினொன்றேகால் ஆயிற்று. அவர் எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் வருகிறவர். வேதநாயகி போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஒரு பெண்பிள்ளை எடுத்தாள், பக்கத்து வீட்டு ஜாதவ் அம்மாள்.

"காகா காலையில எந்திரிக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டார்," என்றாள் அவள் மராத்தியில்.

வேதநாயகிக்குத் தோன்றிய முதல் நினைப்பு, ஐயோ, கையெழுத்து.

அவர் நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடிகூட இருக்காது. ஆனால் எது முதலில் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சீ, நீயும் ஒரு மனுசியா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டே மூன்றாவது தெருவுக்கு ஓடினாள்.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்றாரே, அந்தச் சுவரோரமாகவே. வாய் உள்ளே போய் வேறு யாரோ மாதிரி இருந்தார். பல்செட் ஜன்னல் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில், தண்ணீருக்குள் இருந்தது. வேதநாயகி பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். ஜாதவ் அம்மாள் மற்றவர்களிடம், "இவங்கதான் இந்த வீட்டை வாங்குறவங்க," என்று சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் தப்பாக ஒன்றும் இல்லை. ஆனாலும் வேதநாயகிக்கு உடம்பு கூசிப்போயிற்று. அவள் அழுதாள். அழுகை காகாவுக்கா, வீட்டுக்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்றார் கோவிந்தராஜ். அது மரியாதை. ஆவணி நாலு, அந்த நல்ல முகூர்த்தப் புதன்கிழமை, நடுவில் வந்து போயிற்று. கணபதி பண்டிகைக்கு முதல் நாள் இருவரும் அந்த வெள்ளைத்தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மகன் சமீர் தங்கமான பையன்தான். திட்டித் தீர்க்கலாம் என்று போனால் அதற்கும் வழியில்லாத அளவுக்கு மரியாதை. உட்காரச் சொன்னான், டீ போட்டுத் தந்தான். தாளை இரண்டு தடவை படித்தான்.

"ஆன்ட்டி, அப்பா சொன்னதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இப்ப அக்காவுக்கும் பங்கு இருக்கு. அவ அறுபத்தொண்ணுக்குக் கீழ கையெழுத்துப் போட மாட்டா. அந்த விலைக்கு முடியும்னா முதல்ல உங்களுக்குத்தான்," என்றான். பிறகு ஒரு லட்சத்துக்குக் காசோலை எழுதி, தாளின் மேல் வைத்துத் தள்ளினான்.

கோவிந்தராஜ், "பத்து நாள் டைம் குடுங்க," என்றார், எதற்கென்று தெரியாமலே.

"எடுத்துக்கோங்க அங்கிள். பித்ரு பட்சத்துல நாங்க எப்படியும் எதுவும் பேச மாட்டோம்," என்றான் சமீர். செத்தவர்களுக்கான அந்தப் பதினைந்து நாளில் அவர்கள் நல்ல காரியம் எதையும் தொட மாட்டார்கள். அவரவருக்கு ஒரு காலண்டர்.

எழுந்திருக்கும்போது அவன் கேட்டான், சும்மா தெரிந்துகொள்ளத்தான்: "ஜூலை பதினெட்டு ரிஜிஸ்ட்ரேஷன்னு அப்பா போன்ல சொன்னாரே. அன்னைக்கே முடிஞ்சிருந்தா நாங்க வாயே திறந்திருக்க மாட்டோம். ஏன் நடக்கல?"

வேதநாயகி தரையைப் பார்த்தாள்.

"எனக்குக் கம்பெனியில லீவு கிடைக்கல," என்றார் கோவிந்தராஜ்.

படி இறங்கும்போது அவள் அவர் சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் அவளைத் திட்டியிருக்கலாம். உன் ஆடியையும் ஆவணியையும் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்று நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடச் சொல்லவில்லை. அவள்தான் ஒவ்வொரு ராத்திரியும், இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்துக்கிடந்தாள்.

வங்கியில் அறுபத்தொன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்த பெண், முப்பதுக்கு மேல் ஒரு பைசா கூடாது என்றாள். "இந்தத் தொகைக்கு இன்னும் உள்ள தள்ளிப் போய்ப் பாருங்க சார்," என்று ஊருக்கு வெளியே கைகாட்டினாள். தள்ளிப் போய்ப் பார்த்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தார்கள். தண்ணீர் லாரி வரும் இடத்தில் பஸ் வராது, பஸ் வரும் இடத்தில் ஐம்பத்தைந்துக்குக் குறையாது. கோவிந்தராஜுக்கு அடுத்த வருஷம் நாற்பத்தேழு. கடன் பதினோரு வருஷத்துக்குத்தான் கிடைக்கும், அதற்கடுத்த வருஷம் பத்து. விலை ஏறிக்கொண்டே போகும், கடன் இறங்கிக்கொண்டே வரும். வேதநாயகி இதைத் தானாகவே விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். நவராத்திரி தொடங்கிய அன்று வாகட் பக்கமிருந்து வந்த ஒரு ஐ.டி. ஜோடி காகா வீட்டுக்கு அறுபத்து மூன்று பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்று ஜாதவ் அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாள். பாவம், அவள் ஆறுதல் சொல்லத்தான் வந்தாள்.

செப்டம்பர் முப்பது வந்துவிட்டது. பதினைந்தாவது வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தரைத்தளத்தில், ஒரு படுக்கையறையோடு கிடைத்தது. வைஷு கூடத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். டெம்போக்காரன் காலையில் வருகிறேன் என்றவன் போன் செய்து, வேறு லோடு மாட்டிக்கொண்டது, பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வர முடியும் என்றான். கோவிந்தராஜ் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஒவ்வொரு மாற்றலுக்கும் அவள் நாள் பார்ப்பாள், நேரம் பார்ப்பாள், அவர் டெம்போக்காரனிடம் மன்றாடுவார்.

செவ்வாய்க்கிழமை. புரட்டாசி. அஷ்டமி. மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். காலண்டரைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

"வரச் சொல்லுங்க," என்றாள்.

"நேரம்..."

"வரச் சொல்லுங்கன்னுதானே சொல்லுதேன்."

புது வீட்டில் சாமான்களை இறக்கிவிட்டு டெம்போ போயிற்று. வைஷு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காதில் ஏதோ மாட்டிக்கொண்டாள். கல்யாணப் படம் கட்டிலுக்கடியில் போயிற்று. கோவிந்தராஜ் யாரும் சொல்லாமலே கடைக்குப் போய் அரை லிட்டர் பால் பாக்கெட்டோடு வந்தார். பதினான்கு வீட்டிலும் முதலில் பால் காய்ச்சித்தான் குடிபுகுந்தார்கள். வாடகை வீடாக இருந்தால் என்ன, பொங்கி வழிந்தால் மனசுக்கு ஒரு நிறைவு.

வேதநாயகி அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஊற்றினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாத்திரத்தைப் பார்த்தார்கள். மற்ற வீடுகளில் இந்த நேரத்தில் அவள், "வைஷு, வா, பொங்கப் போகுது," என்று கூப்பிடுவாள்.

"பதினெட்டாந்தேதி உன்னயக் கேக்காம கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும் நான்," என்றார் கோவிந்தராஜ்.

குரலை உயர்த்தவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. காகா போன நாளிலிருந்து நாற்பத்தொன்பது நாளாக அவள் காத்திருந்த சொல் இதுதான். வந்துவிட்டால் நெஞ்சு பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள்.

"ஆமா," என்றாள்.

பால் விளிம்புவரை ஏறி வந்தது. பொங்குவதற்கு முன்னால் அவள் அடுப்பை அணைத்தாள்.